சூப்பர்சார்ஜர் முதலில், சஸ்பென்ஷன் அப்புறமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மஸில் கார் (பெரிய எஞ்சின் கொண்ட அமெரிக்கக் கார்) பற்றிய கட்டுரையில், ரேஸ் டிராக்கில் வேகம் வேண்டுமென்றால் முதலில் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளித் திறனைக் கூட்டும் சூப்பர்சார்ஜரைப் போடுங்கள், சஸ்பென்ஷனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார் தங்கள் கட்டுரையாளர். அப்புறம் என்றால் எப்போது? முதல் திருப்பத்தில் வண்டி மண்ணில் இறங்கிய பிறகா?

தங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. 1965-ல் பந்தயக் கார் தயாரிப்பாளர் கரோல் ஷெல்பியின் ஆட்கள் ஃபோர்டு மஸ்டாங்கை ஜிடி350 ஆக மாற்றியபோது எஞ்சினையும் 306 குதிரைத்திறனுக்கு ஏற்றினார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதோடு முன்சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கைகளில் மேற்பக்கத்துக் கன்ட்ரோல் ஆர்ம் பொருந்தும் இடத்தை ஓர் அங்குலம் கீழே இறக்கினார்கள். திருப்பத்தில் வண்டி சாயும்போது வெளிப்பக்க டயர் ஓரத்தில் மட்டும் நிற்காமல் நன்றாகப் படிந்து தரையைப் பிடித்தது. கூடவே கோனி ஷாக் அப்சார்பர், திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் தடித்த ஆன்டி-ரோல் பார், பின் ஆக்சில் முறுக்கிக்கொண்டு குதிக்காமலிருக்க டிராக்‌ஷன் பார். 1965, 66, 67 மூன்று வருடமும் எஸ்சிசிஏ என்ற அமெரிக்க கார் பந்தயச் சங்கத்தின் பி-புரொடக்‌ஷன் பட்டம் அந்த வண்டிக்குத்தான்.

பழைய கதை என்பார் கட்டுரையாளர். சரி, அவருக்குப் பிடித்த சூப்பர்சார்ஜர் கதையையே எடுத்துக்கொள்வோம். 580 குதிரைத்திறனும் சூப்பர்சார்ஜரும் கொண்ட செவர்லே கமேரோ ஸெட்எல்1, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக்கை 7 நிமிடம் 41.27 விநாடியில் சுற்றியது. அடுத்து வந்த கமேரோ ஸெட்/28-ல் சூப்பர்சார்ஜர் இல்லை, 505 குதிரைத்திறன்தான். எடுத்துக்கொண்ட நேரம் 7 நிமிடம் 37.47 விநாடி, அதுவும் டிராக்கின் ஒரு பகுதி ஈரமாக இருந்தபோது. முன்னும் பின்னும் 305 மி.மீ. அகல டயர், மல்டிமேட்டிக் நிறுவனத்தின் டேம்பர் (ஷாக் அப்சார்பர்), கார்பன் செராமிக் பிரேக், குறைந்த எடை. 75 குதிரைகளை லாயத்திலேயே விட்டுவிட்டு வந்தது ஏறக்குறைய நான்கு விநாடி முந்தியதே, இது தங்கள் அலுவலகத்துக்கு வரவில்லையா?

நான் மிச்சிகனில் பல வருடமாக டிராக்கில் ஓட்டுபவன். என்னுடையது இரு பின்சக்கரங்களையும் ஒரே ஆக்சில் இணைக்கும் பழைய தலைமுறை மஸ்டாங். முதலில் பிரேக் ஃப்ளூயிடும் பேடும் மாற்றினேன். பிறகு நல்ல டேம்பர், முன்சக்கரத்துக்குக் கூடுதல் நெகட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும்படி. வண்டியைத் தாழ்த்தினால் பின் ஆக்சில் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும் என்பதால் அதைப் பக்கவாட்டில் பிடித்துவைக்க, நீளத்தை மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராடு என்ற தண்டு. எஞ்சினில் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை. வாட்டர்ஃபோர்டு ஹில்ஸ் போன்ற நெருக்கமான டிராக்கில், நேர்ப்பாதையில் என்னை விட்டுப் பறக்கிற பெரிய எஞ்சின்காரர்கள் இரண்டு திருப்பம் தாண்டுவதற்குள் என் பானெட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள்.

பட்டறைக்காரர்களும் தங்கள் இதழைப் படிக்கிறார்கள் போலிருக்கிறது. நண்பரின் காருக்கு ஒரு பட்டறையில் குட்டை ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டுப் பழைய ஷாக்கையே விட்டுவிட்டார்கள். பார்க்க அழகு. திருப்பத்தில் ஸ்பிரிங் அமுங்கி, கடைசித் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் போய் இடித்ததும் முன் டயர் சட்டென்று பிடியை விட்டது. அதற்கு முழுக் கூலி வேறு.

எழுத உட்கார்ந்தாயிற்று, இதையும் சொல்லிவிடுகிறேன். முன்பொரு இதழில், ஆன்டி-ரோல் பார் போட்டால் எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகாது என்று எழுதினீர்கள். ஒரே வண்டி, ஒரே திருப்பம், ஒரே வேகம் என்றால், எவ்வளவு எடை போகும் என்பதைத் தீர்மானிப்பது வண்டியின் ஈர்ப்பு மையத்தின் உயரமும் இடது, வலது சக்கரங்களின் இடைவெளியும். அந்த எடையை முன்னும் பின்னும் எப்படிப் பங்கிடுவது என்பதுதான் பாரின் வேலை. மூக்குக் கனத்த மஸில் காரில் முன்னால் மட்டும் தடித்த பாரைப் போட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். இதை அப்போதே விரிவாக எழுதினேன். அதிலிருந்து 'கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன்' என்ற ஒரு வரியை மட்டும் வெளியிட்டு என்னைப் பெருமைப்படுத்தினீர்கள். மிக்க நன்றி.

அட்டைப்படமும் அப்படித்தான். மஸில் கார் என்றாலே பின்சக்கரத்தில் புகை. பிடிமானம் இழந்த டயரை இவ்வளவு கொண்டாடும் பத்திரிகை வேறில்லை.

கட்டுரையாளரை மாற்றச் சொல்லவில்லை, மறுப்பு வெளியிடவும் கேட்கவில்லை. ரோடு டெஸ்ட் அட்டவணையில் குதிரைத்திறனுக்குப் பக்கத்தில் வண்டியின் எடையையும் டயர் அளவையும் சேர்த்துப் போடுங்கள். இடமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஸ்பீக்கர் எத்தனை என்பதற்குத் தனி வரி ஒதுக்கியிருக்கிறீர்கள், அதை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
நீண்ட நாள் சந்தாதாரர்,
மிச்சிகன்