காது மெஷினுக்குத்தான் பணம் கட்டினோம், முகத்துக்கு விலை பேசவில்லை

அனுப்புநர்:
உங்கள் ஈரோடு கிளை வாடிக்கையாளரின் மகன்,
பள்ளிபாளையம், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: என் தந்தையையும் 9 வயது மகளையும் அனுமதி இல்லாமல் படம்பிடித்து விளம்பரமாக வெளியிட்டது தொடர்பாக.

ஐயா / அம்மா,

அப்பாவின் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. இணைத்திருக்கும் பில் நகலில் இருக்கிறது, அங்கே பார்த்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றி ஊருக்கு இதுவரை தெரிந்ததே போதும்.

அப்பா 36 வருஷம் விசைத்தறி ஓட்டியவர். தறிக்கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கையைக் காட்டித்தான் பேச வேண்டும். 90 டெசிபலைத் தாண்டும் சத்தம் அது. காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று அந்தக் காலத்தில் அவரிடம் சொல்ல ஆளில்லை. போன ஐந்தாறு வருஷமாகப் பேச்சு பிடிபடவில்லை. 'என்ன? என்ன?' என்று கேட்டுக் கேட்டு வெட்கப்பட்டு, கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டார். விசேஷ வீடுகளில் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். மெஷின் மாட்டிக்கொள்ள அவரைச் சம்மதிக்க வைக்க எங்களுக்கு இரண்டு வருஷம் ஆனது. 'செவிட்டு மெஷின்' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம், பணம் இல்லை.

செப்டம்பர் 6ஆம் தேதி என் மனைவியும் மகளும் அவரை உங்கள் கிளைக்குக் கூட்டி வந்தார்கள். இரண்டு காதுக்கும் சேர்த்து 64,000 ரூபாய் கட்டினோம். மெஷினை மாட்டி முடித்ததும் என் மகள் "தாத்தா" என்று மெதுவாகக் கூப்பிட்டிருக்கிறாள். அப்பா திரும்பிப் பார்த்து, "ஏ அம்மிணி, கத்தாத" என்றாராம். அப்புறம் அழுதுவிட்டார். வீட்டில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அதை நான் பார்த்தது மூன்று வாரம் கழித்து, என் போனில், உங்கள் விளம்பரமாக.

நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். அதனால் அந்த 48 விநாடியை என்னால் வெறும் மகனாக மட்டும் பார்க்க முடியவில்லை. அப்பாவின் மூக்குக் கண்ணாடியில் ரிங் லைட்டின் வட்டம் தெரிகிறது. சட்டைப் பித்தான் பக்கத்தில் சின்ன மைக் குத்தியிருக்கிறது. முகத்துக்கு ஒரு கேமரா, பேத்திக்கு ஒரு கேமரா. எதற்கு எடுக்கிறீர்கள் என்று என் மனைவி கேட்டபோது, "ஆபீஸ் ரெக்கார்டுக்குங்க மேடம்" என்று உங்கள் ஊழியர் சொல்லியிருக்கிறார். ஆபீஸ் ரெக்கார்டுக்கு யாரும் இரண்டு ஆங்கிள் வைப்பதில்லை.

கிளை மேலாளரிடம் போனில் கேட்டேன். "நல்ல விஷயந்தானுங்களே சார், அப்பா ஃபேமஸ் ஆயிட்டாரு" என்றார். விடாமல் கேட்டதும், அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று ஒரு தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அது வாரண்டி படிவத்தின் மூன்றாம் பக்கம். முழுக்க ஆங்கிலம். பதினோராவது வரியில், சேவையின்போது எடுக்கும் படங்களையும் பதிவுகளையும் பயிற்சிக்கும் விளம்பரத்துக்கும் பயன்படுத்தலாம் என்று எறும்பு சைஸ் எழுத்தில் இருக்கிறது. அதன் கீழே அப்பாவின் தமிழ்க் கையெழுத்து. மெஷின் ரிப்பேரானால் இந்தத் தாள் வேண்டும் என்று சொல்லி வாங்கிய கையெழுத்து அது. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவரிடம், காதும் கேட்காதவரிடம், வாயால் ஒரு வார்த்தை விளக்காமல் வாங்கியதைச் சம்மதம் என்று எந்த வாயால் சொல்கிறீர்கள்?

சரி, அப்பாவின் கையெழுத்தையே ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். என் மகளுக்கு யார் கையெழுத்துப் போட்டது? அவள் மைனர். நானோ என் மனைவியோ எழுதிக் கொடுக்காமல் அவள் முகம் விளம்பரத்தில் வரக் கூடாது. பள்ளிச் சீருடையில் இருக்கிறாள், பையில் பள்ளியின் பெயர் படிக்கும்படி தெரிகிறது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே முறைக்குக் காத்திருக்கும் ஒரு பாட்டியின் முகமும் பளிச்சென்று இருக்கிறது. அந்தம்மாவிடம் கேட்டீர்களா?

ஈரோடு சந்தையில் கூட்டத்தை அள்ளி ஒரு ஷாட் எடுத்தால் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்க முடியாது, யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். செய்திக்கு எடுப்பது வேறு கதை. ஆனால் ஒரே ஒருவரை உட்கார வைத்து, வெளிச்சம் போட்டு, மைக் குத்தி, அந்த முகத்தைக் காட்டிப் பொருளை விற்கும்போது அவர் உங்கள் விளம்பர நடிகர் ஆகிவிடுகிறார். நடிகரிடம் படிவம் வாங்காமல் எந்த விளம்பரக் கம்பெனியும் கேமராவைத் திறக்காது. வீடியோவின் காப்புரிமை உங்களிடமே இருக்கட்டும். அதனால் அதில் இருக்கும் முகமும் உங்களுடையது ஆகிவிடாது.

எனக்கே இந்தப் பாடம் திட்டு வாங்கித்தான் புரிந்தது. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு மணப்பெண் தாலி கட்டும் நேரத்தில் அழுத காட்சியைச் சாம்பிள் என்று போட்டுவிட்டேன். அந்தப் பெண்ணே போன் செய்தாள். "அண்ணா, உங்களுக்குக் காசு குடுத்தது எங்க வீட்டுக்கு எடுக்கறதுக்கு" என்றாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து ஒரு பக்கத் தமிழ்ப் படிவம் வைத்திருக்கிறேன். எந்தக் காட்சி, எங்கே போடுவேன், எத்தனை மாதம், பணம் கொடுத்து விளம்பரமாக ஓட்டுவேனா இல்லையா, வேண்டாம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். பில்லோடு சேர்த்து நீட்டுவதில்லை. எடிட் முடிந்ததைக் காட்டிய பிறகே கையெழுத்துக் கேட்பேன். பத்துப் பேரில் மூன்று பேர் மாட்டேன் என்பார்கள், விட்டுவிடுவேன். ஒரு ஆள் நடத்தும் என் ஸ்டூடியோவில் முடிகிற காரியம் இது.

இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது, எனக்கு அதிகம் உறுத்துவது இவைதான். வீடியோவின் பதினைந்தாவது விநாடியில் அப்பாவின் ஆடியோகிராம், அதாவது அவருக்கு எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம், முழுத் திரைக்கு வருகிறது. 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழுந்த அந்தக் கோடு அவருடைய மருத்துவ விவரம். சோதனைக்காக உங்களை நம்பிக் கொடுத்தது. நுகர்வோர் நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தை வெளியே விடுவதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது.

அடுத்து, கண்ணீருக்கு மேலே பெரிய மஞ்சள் எழுத்தில் '40 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் முறையாகப் பேத்தியின் குரல்!' என்று போட்டிருக்கிறீர்கள். பேத்திக்கு 9 வயது. கணக்கையாவது ஒரு முறை பார்த்திருக்கலாம். அவள் மழலை பேசியபோது அப்பா நன்றாகவே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் குரலில் "வாங்க, வாங்க" என்று வருகிறதே, அது கதவைத் திறந்த ஊழியரைப் பார்த்துச் சொன்னது. அதை வெட்டி, 30 சதவீதத் தள்ளுபடி பலகைக்கு முன்னால் ஒட்டி, ஊரையே உங்கள் கடைக்கு அழைப்பதுபோல் ஆக்கியிருக்கிறீர்கள். விளம்பரத்தில் ஒருவர் ஒரு பொருளைப் பரிந்துரைத்தால் அது அவருடைய உண்மையான கருத்தாக இருக்க வேண்டும் என்பது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் கொண்டுவந்த வழிகாட்டு நெறி. தவறான விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட அந்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பின்னணியில் ஓடும் சினிமாப் பாட்டுக்கு உரிமை வாங்கினீர்களா என்பது அந்த இசைக் கம்பெனியின் கவலை, எனக்கு வேண்டாம்.

ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்தினால் அது அந்தரங்க உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 1994லேயே சொல்லிவிட்டது. நம் ஊர் நக்கீரன் பத்திரிகை போன வழக்கு அது, ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றே தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது என்று உங்கள் வக்கீல் சொல்லக்கூடும். இருக்கட்டும். சம்மதத்தை எவ்வளவு சுலபமாகக் கொடுக்க முடிந்ததோ அவ்வளவு சுலபமாகத் திரும்ப வாங்கவும் முடிய வேண்டும் என்று அதில் இருக்கிறது. நானோ இரண்டு வாரமாக உங்கள் கஸ்டமர் கேர் எண்ணில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நடுவில் உங்கள் ஆள் ஒருவர் கூப்பிட்டு, ஒரு வருஷத்துக்கு மெஷினில் போடும் 312 நம்பர் பேட்டரி இலவசமாகத் தருகிறோம், விட்டுவிடுங்கள் என்றார். வேண்டாம்.

இதனால் என்ன நஷ்டம் என்று அவர் கேட்டதற்குப் பதில் இதோ. டீக்கடையில் தெரிந்தவர் ஒருவர், "ஏனுங்க, வெளம்பரத்துல அப்படி அழுதீங்க, எவ்வளவு குடுத்தாங்க?" என்று கேட்டிருக்கிறார். வேடிக்கையாகத்தான் கேட்டிருப்பார். அப்பா வீட்டுக்கு வந்து இரண்டு மெஷினையும் கழற்றி டப்பாவில் வைத்தார். 19 நாளாக மாட்டவில்லை. இப்போது பேத்தி மறுபடி கத்தித்தான் கூப்பிடுகிறாள்.

நான் கேட்பது இதுதான். வீடியோவை எல்லா இடத்திலிருந்தும் எடுக்க வேண்டும். உங்கள் சமூக வலைத்தளப் பக்கத்தில் இருந்த பதிவை அழித்துவிட்டு 'எடுத்தாச்சு சார்' என்று சொல்வது போதாது. பணம் கட்டி ஓட்டும் விளம்பரம் தனியாக ஓடிக்கொண்டே இருக்கும், அது எனக்குத் தெரியும். நேற்று இரவுகூட சேலத்தில் இருக்கும் என் தங்கை போனில் வந்திருக்கிறது. மற்றக் கிளைகளின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பியதையும், வெட்டாத ஒரிஜினல் ஃபைலையும் அழித்துவிட்டு, அழித்ததாக எழுத்தில் தர வேண்டும். எங்கெங்கே, எத்தனை நாள் ஓடியது என்ற கணக்கும் வேண்டும். நஷ்டஈட்டுத் தொகையை அதைப் பார்த்த பிறகு சொல்கிறேன். அந்தப் பதினோராவது வரியை வாரண்டி படிவத்திலிருந்து எடுத்துவிட்டு, விளம்பரத்துக்கு என்று தனித் தாள் வையுங்கள், தமிழில்.

கடிதம் கிடைத்து 15 நாளில் பதில் வராவிட்டால் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வாடிக்கையாளர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், 64,000 ரூபாய்ப் பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. வீடியோவின் பிரதி, பில், வாரண்டி தாள், உங்கள் மேலாளர் அனுப்பிய செய்திகள் எல்லாம் தேதியோடு என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

பதிலைத் தமிழில், அப்பாவின் பெயருக்கே அனுப்புங்கள். போனில் பேச வேண்டாம், அவருக்குக் கேட்காது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளரின் மகன்

இணைப்பு: பில் நகல், வாரண்டி படிவம் மூன்றாம் பக்கம், விளம்பரத்திலிருந்து நான்கு படங்கள் (மகள், பாட்டி முகங்களை நான் மறைத்திருக்கிறேன்).