வாசகர் வட்டம், கல்லடி, மட்டக்களப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை 2024/2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்கூட்டம் முதல் இன்றுவரை நமது வட்டம் ஆற்றிய பணிகளைச் சபையின் முன் வைக்கிறேன். மாதாந்தச் சந்திப்புகள் ஒழுங்காக நடந்தன. நவம்பர் வெள்ளத்தின்போது மட்டும் ஒத்திவைக்க நேர்ந்தது. கீழ்த்தட்டில் நனைந்த புத்தகங்களை இளைஞர் அணியினர் வெயிலில் காயவைத்துத் திரும்ப அடுக்கித் தந்தார்கள். வாணி விழாவைச் சிறுவர்களே முன்னின்று நடத்தினார்கள். கொப்பி வழங்கல் வழமைபோல் நடந்தது. இவ்வாண்டு நம்மைவிட்டுப் பிரிந்த அங்கத்தவர்களின் குடும்பத்தாருக்கு வட்டத்தின் ஆழ்ந்த அனுதாபங்கள்.

எஞ்சிய அறிக்கையை நாம் நடத்திய அணுமின்சாரக் கலந்துரையாடலுக்கே ஒதுக்குகிறேன். இவ்வளவு பேர் வந்திருந்து, இவ்வளவு நேரம் பேசிய விடயம் வேறொன்றும் இல்லை.

சென்ற டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையின் 20 ஆம் ஆண்டு நினைவுநாள். நாவலடியில் விளக்கேற்றிவிட்டு மண்டபத்துக்கு வந்தவர்களிடையே பேச்சு எழுந்தது. இலங்கையிலும் அணுமின் நிலையம் கட்டலாமா என்று பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறதே, கரையோரத்தில் கட்டினால், அப்படி ஒரு அலை மறுபடி வந்தால் என்ன கதி? பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் கேட்ட கேள்வி இது. மேலோட்டமாகப் பதில் சொல்லி அனுப்ப மனம் ஒப்பவில்லை. புத்தாண்டு பிறந்ததும் தொடர் கலந்துரையாடலாக வைப்பதென்று செயற்குழு முடிவு செய்தது.

முதல் சந்திப்பில் நம் அங்கத்தவரான ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர், வெண்பலகையில் ஜப்பானின் இரண்டு நிலையங்களைப் பக்கம் பக்கமாகக் கீறினார். நீல நிறத்தில் கடல்மட்டம். அதற்குச் சற்று மேலே புகுஷிமா. அதன் அடித்தளத்தில் நான்கு சிறு பெட்டிகள். "டீசல் ஜெனரேட்டர்" என்று எழுதிவிட்டு அலையின் உயரத்தைச் சிவப்பால் இழுத்தார். கோடு பெட்டிகளுக்கு மேலாகப் போனது. 2011 மார்ச் 11 இல் நிலம் அதிர்ந்ததும் அங்கு ஓடிக்கொண்டிருந்த உலைகள் தாமாகவே நின்றுவிட்டன. ஆனால் நின்ற உலைக்குள்ளும் வெப்பம் ஊறிக்கொண்டே இருக்கும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறக்குறைய 14 மீற்றர் உயர அலை மதிலைத் தாண்டி வந்து ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. தண்ணீர் இறைக்க மின்சாரம் இல்லை. மூன்று உலைகள் உருகின.

அடுத்த படம் ஒனகாவா. நிலநடுக்க மையத்துக்குப் புகுஷிமாவைவிடக் கிட்டடியில் இருந்த நிலையம் அது. பழைய ஆழிப்பேரலைகளை எண்ணிப் பார்த்த பொறியியலாளர்கள், கூடுதல் செலவானாலும் பரவாயில்லை என்று அதைக் கடல்மட்டத்திலிருந்து சுமார் 14.8 மீற்றர் உயரத்தில் கட்டியிருந்தார்கள். சுமார் 13 மீற்றர் அலை வந்தது. உலைகள் பாதுகாப்பாக நின்றன. வீடிழந்த ஊர்மக்கள் அந்த நிலைய வளவுக்குள்ளேயே தஞ்சம் புகுந்தார்கள். ஒரே நாடு, ஒரே நாள், ஒரே கடல். புகுஷிமா மனிதரால் விளைந்த அனர்த்தம் என்று ஜப்பானிய நாடாளுமன்றம் நியமித்த விசாரணைக்குழு 2012 இல் எழுதியது. கண்காணிக்க வேண்டியவர்கள் மின் நிறுவனத்தின் பக்கம் சாய்ந்திருந்தார்கள் என்பதே அதன் முக்கிய குற்றச்சாட்டு.

நம் அங்கத்தவர் பலருக்குத் தெரியாத செய்தி இன்னொன்று. 2004 இல் நம்மைத் தாக்கிய அதே அலை தமிழ்நாட்டின் கல்பாக்கத்தையும் தாக்கியது. அங்கு ஓர் உலை ஓடிக்கொண்டிருந்தது. பம்பு நிலையத்துக்குள் கடல்நீர் புகுந்ததும் உலையை நிறுத்தினார்கள். ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. உலையிலிருந்து கதிர்வீச்சுக் கசியவில்லை. சில நாட்களில் மீண்டும் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு இயங்கத் தொடங்கிய கூடங்குளம் அணுமின் நிலையத்தில் மின்சாரம் முற்றாக அற்றுப்போனாலும் காற்றோட்டத்தாலேயே உலையின் வெப்பத்தை அகற்றும் ஏற்பாடும், உலை உருகினால் குழம்பைத் தாங்கிக்கொள்ளும் அமைப்பும் இருக்கின்றன. அந்த நிலையத்தை எதிர்த்து அருகிலுள்ள இடிந்தகரை மக்கள் போராடியதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தமக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை என்ற அவர்களின் கோபம் நியாயமானது.

பெப்ரவரி 9 ஆம் திகதி நடந்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஞாயிறு முற்பகல், சிறுவர் வாசிப்பு நடந்துகொண்டிருந்த நேரம் விசிறிகள் நின்றன. பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு ஒன்று மோதியதால் முழு நாடும் இருண்டது. நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையமும் நின்றுபோக, அதைத் தொடர்ந்த வாரத்திலும் மின்வெட்டு. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அதைச் சொல்லவே வேண்டாம். ஐஸ் இல்லாமல் மீனைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்ட கடற்றொழிலாளர்களும், மெழுகுதிரி வெளிச்சத்தில் சாதாரண தரத்துக்குப் படித்த பிள்ளைகளும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். நுரைச்சோலை 900 மெகாவாட் தருகிறது. ஆனால் கச்சான் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் நிலக்கரி இறக்க முடியாது, முன்கூட்டியே குவித்து வைக்க வேண்டும். டொலர் இல்லாவிட்டால் கப்பலும் இல்லை. அணு உலைக்கு எரிபொருளாகும் யுரேனியத்தின் பெரும் பயன் இங்கேதான் தெரிகிறது. விரல்நுனியளவு எரிபொருள் வில்லை ஒன்று ஏறக்குறைய ஒரு தொன் நிலக்கரிக்கு ஈடு. ஒருமுறை நிரப்பினால் ஒன்றரை வருடம்வரை தொடர்ந்து ஓடும். புகையும் இல்லை: ஓர் அலகு மின்சாரத்துக்கு நிலக்கரி சுமார் 820 கிராம் கரியமில வாயுவை வெளியேற்ற, அணுமின்சாரம் கட்டுமானம் உட்பட சுமார் 12 கிராம்தான்.

சோவியத் ஒன்றியத்தின் செர்னோபில் அணுமின் நிலையம் பற்றிப் பல அக்காமார் கேட்டார்கள். 1986 ஏப்ரல் 26 இல் அது வெடித்தது. உலையைச் சுற்றித் தடித்த கொங்கிறீற் கவசம் இருக்கவில்லை. முதல் சில மாதங்களில் சுமார் 30 பேர் இறந்தார்கள். அசுத்தமான பாலைக் குடித்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் தைரொயிட் புற்றுநோய்க்கு ஆளானார்கள். மறைத்து வைத்ததே அந்தப் பிள்ளைகளுக்குச் செய்த மகா அநியாயம். அதற்கு ஆறு நாள் முன்னர், ஏப்ரல் 20 இல், நம் கிழக்கில் கந்தளாய்க் குளம் உடைப்பெடுத்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். செர்னோபிலை உலகமே நினைவு வைத்திருக்கிறது, கந்தளாயை நாமே மறந்துகொண்டிருக்கிறோம். குளம் கட்டுவதை நாம் நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது. அணைக்கட்டைப் பார்த்துப் பராமரிப்பவர்களைத்தான் கேள்வி கேட்கிறோம்.

கழிவு பற்றிச் சுருக்கமாக: பயன்படுத்திய எரிபொருளின் கனவளவு குறைவு, ஆனால் ஆயிரமாயிரம் ஆண்டுகள் காக்கப்பட வேண்டியது. முதலில் நீர்த்தடாகத்தில் ஆறவைத்து, பிறகு உருக்கும் கொங்கிறீற்றும் கொண்ட பெரும் கலங்களில் அடைக்கிறார்கள். பின்லாந்து 400 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் பாறையைக் குடைந்து நிரந்தரக் களஞ்சியம் அமைத்திருக்கிறது. நம்மைப் போன்ற சிறு நாடு, எரிபொருளை விற்பவரே அதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று உடன்படிக்கையிலேயே எழுதிக்கொள்வதுதான் புத்தி.

ஒரு கடற்றொழிலாளர் எழுந்து, "சுடுதண்ணியக் கடலுக்குள்ள விட்டா மீன் கரைக்கு வருமா தம்பி?" என்று கேட்டார். குளிர்விக்கும் நீர் சில பாகை சூடாகத்தான் கடலுக்குத் திரும்பும். ஆழமும் நீரோட்டமும் உள்ள இடத்தில் அது விரைவில் கலந்துவிடும், வாவிக்குள் விட்டால் பெரும் கேடு. நிலையத்துக்கு முன்னால் வலை போடவும் விடமாட்டார்கள். அந்த நட்டத்துக்கு யார் ஈடு தருவது என்பதை முதல் நாளே பேசியாக வேண்டும்.

அபுதாபியில் வேலை செய்துவிட்டு வந்த உறுப்பினர் ஒருவர் பராக்கா நிலையத்தைப் பற்றிச் சொன்னார். 2012 இல் தொடங்கி 2024 இல் நான்காவது உலையும் முழுமையாக இயங்கியது. 5,600 மெகாவாட், அந்த நாட்டின் மின்சாரத்தில் கால்வாசி. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் நாட்டின் உச்ச மின்சாரத் தேவையே 3,000 மெகாவாட்டுக்குள். 1,000 மெகாவாட் உலை ஒன்று திடீரென நின்றால் பெப்ரவரி 9 திரும்ப வரும். ஆகவே நமக்கு 300 மெகாவாட்டும் அதற்குக் குறைந்ததுமான சிறிய உலைகளே பொருந்தும். அவை உலகில் இன்னும் மிகச் சிலவே ஓடுகின்றன. செலவும் சின்னதல்ல. பங்களாதேஷின் ரூப்பூர் நிலையத்துக்கான ஒப்பந்தம் 12 பில்லியன் டொலருக்கு மேல், பெரும்பகுதி ரஷ்யக் கடன். கடனைக் கட்ட முடியாமல் 2022 இல் கைவிரித்த நாடு நாம்.

இவை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்த பிறகு என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். அணுமின்சாரத்தைப் பயத்தினால் தள்ளிவிடக் கூடாது. சூரியனும் காற்றும் பெருகட்டும்; இரவிலும் மழைநாளிலும் அசையாமல் நிற்கும் ஒரு மின்சாரமும் தேவை. அது நிலக்கரியாக இருப்பதைவிட அணுவாக இருப்பது நம் பிள்ளைகளின் நெஞ்சுக்கும் நல்லது. ஆனால் கண்காணிப்பவர் சுயாதீனமாக இல்லாத இடத்தில் அதை நான் ஆதரிக்கமாட்டேன். 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டம் அணுசக்தி சபையையும் ஒழுங்குபடுத்தும் பேரவையையும் வேறு வேறாக்கியது. சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழு 2022 இல் நாட்டின் தயார்நிலையைப் பரிசீலித்தது. அடித்தளம் இருக்கிறது, அதற்கு முதுகெலும்பு வேண்டும்.

நிறைவுச் சந்திப்பில் பெரும்பான்மையால் ஒரு தீர்மானம் நிறைவேறியது. சிலர் எதிர்த்து வாக்களித்தார்கள், அவர்களின் காரணங்களும் கூட்டக் குறிப்பில் பதியப்பட்டுள்ளன. இடத்தெரிவு, பாதுகாப்பு ஆய்வு, கடன் நிபந்தனை ஆகியவற்றைத் அரசு முடிவெடுப்பதற்கு முன்னரே தமிழிலும் வெளியிட வேண்டும். கரையோர இடம் எதுவாயினும் வெளியேறும் வீதிகளை முதலில் கட்ட வேண்டும். 2004 இல் ஒடுங்கிய கல்லடிப் பாலம் ஒன்றையே நம்பி ஓடினோம். சென்ற நவம்பரில் மாவடிப்பள்ளியில் வெள்ளம் உழவு இயந்திரத்தோடு மாணவர்களைக் கொண்டுபோனது. வீதியே இல்லாத இடத்தில் வெளியேற்றத் திட்டம் எழுதுவதில் பயனில்லை. இத்தீர்மானம் மும்மொழியிலும் தயாராகிறது; இன்றைய சபை அங்கீகரித்ததும் உரிய அமைச்சுக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் அனுப்பப்படும்.

மண்டபம் தந்தவர்களுக்கும், ஒவ்வொரு சந்திப்புக்கும் தேநீர் தயாரித்த மகளிர் அணிக்கும், விளக்கமளித்த ஆசிரியருக்கும் நன்றி. கணக்கறிக்கையைப் பொருளாளர் அடுத்துச் சமர்ப்பிப்பார்.

செயலாளர்