ஆள் போனால் வழக்கும் போகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பெரியப்பா களுதாவளையில் வெற்றிலைத் தோட்டம் வைத்திருந்தவர். வளவு வழக்கொன்றில் மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மேன்முறையீடு செய்தார். அது விசாரணைக்கு வருமுன் கண்ணை மூடிவிட்டார்.

செத்த வீட்டுப் பந்தலில் ஒருவர் சொன்னார்: "ஆளே போயிட்டார், இனி என்ன வழக்கு?" பெரியப்பாவின் மகன் அதையே வேதவாக்காக எடுத்துக்கொண்டு வழக்குக் கட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். தவணைக்கு ஒருவரும் போகவில்லை. மேன்முறையீடு தள்ளுபடியானது. ஒருநாள் காலை பிஸ்கால் (தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்ற அலுவலர்) வந்து வேலியடியில் நின்றபோதுதான் விழித்தோம்.

பந்தலில் சொன்னவர் மனதில் இருந்தது இந்தியாவில் நடந்த ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு. விசாரணை நீதிமன்றம் தண்டித்த அவரை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது; அந்த விடுதலைக்கு எதிரான மேன்முறையீட்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வருமுன்னரே, 2016 டிசெம்பர் 5இல் அவர் இறந்தார். 2017 பெப்ரவரியில் தீர்ப்பு வந்து, அதே வழக்கில் உடன் குற்றஞ்சாட்டப்பட்ட சசிகலா சிறைக்குப் போனார்; ஜெயலலிதா மீதான மேன்முறையீடு அற்றுப்போனது, விசாரணை நீதிமன்றம் விதித்திருந்த 100 கோடி ரூபா தண்டமும் அதோடு போனது. ஆனால் அது குற்றவியல் வழக்கு. மறியலுக்கு ஆள் வேண்டும். அங்கேயும் சொத்துத் தப்பவில்லை என்பதைப் பலர் கவனிக்கவில்லை: 2025இல் அவருடைய நகைகள் தமிழ்நாடு அரசின் கைக்குப் போயின.

காணி வழக்கு வேறு. காணி ஆளோடு சுடலைக்குப் போவதில்லையே! மேன்முறையீடு நடக்கும்போது ஒரு தரப்பினர் இறந்தால், அவருடைய இடத்தில் யாரைச் சேர்ப்பதென்று நீதிமன்றம் தீர்மானிக்க நமது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 760அ பிரிவு வழி வைத்திருக்கிறது. ஆனால் இறந்த செய்தியை யாராவது கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும், மரண அத்தாட்சிப் பத்திரத்தோடு. பாகப்பிரிவினை வழக்கென்றால், தான் இறந்தால் யார் நிற்பது என்று உயிரோடிருக்கும்போதே எழுதிக் கொடுக்கும் முறை உண்டு. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் அதற்கு இடமுண்டு. எங்கள் பக்கத்தில் அப்படி எழுதிக் கொடுத்த ஒருவரையும் நான் கண்டதில்லை. சாவைப் பற்றி எழுத யாருக்கு மனம் வரும்?

சட்டத்தரணிகளிடம் ஒரு வேண்டுகோள். பிறொக்சியில் (வழக்காட உங்களை நியமிக்கும் பத்திரத்தில்) கையெழுத்து வாங்கும்போது பிள்ளைகளின் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கி வையுங்கள். பெரியப்பாவின் கோப்பில் இருந்தது அவருடைய சொந்த இலக்கம் மட்டும்தான். அதை 31ஆம் நாளோடு நாங்களே நிறுத்திவிட்டோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர்,
களுதாவளை.