குருமாரின் கைப்பேசியில் எந்தப் பக்கங்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவக் குருமார் பின்தொடர வேண்டிய வலைப்பூக்கள், சமூக ஊடகக் கணக்குகள் என்று பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கின்றன. கத்தோலிக்கப் பங்குத்தந்தைக்கும் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஐயருக்கும் லுத்தரன் போதகருக்கும் ஒரே பட்டியல். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

மறையுரைக்கு (பிரசங்கத்துக்கு) உதவும் வலைப்பூ என்றால், அது எந்த வாசக அட்டவணையை, அதாவது ஞாயிறுதோறும் வாசிக்க வேண்டிய வேதபாகங்களின் எந்தப் பட்டியலைப் பின்பற்றுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆங்கில வலைப்பூக்கள் பலவும் 1992இல் வெளியான, சீர்திருத்தச் சபைகள் பலவும் பொதுவாகப் பயன்படுத்தும் 'ரிவைஸ்டு காமன் லெக்ஷனரி' அட்டவணையை ஒட்டி எழுதப்படுபவை. நற்செய்திப் பகுதி பெரும்பாலும் கத்தோலிக்க அட்டவணையோடு ஒத்துப்போகும். ஆனால் பெந்தெகொஸ்தேக்குப் பிந்தைய ஞாயிறுகளில் பழைய ஏற்பாட்டுக்கு அதில் இரண்டு வரிசைகள் உண்டு. ஒன்று நற்செய்திக்குப் பொருந்தி வரும். மற்றது நற்செய்தியைப் பாராமல் கதைத் தொடர்ச்சியாகப் போகும். இரண்டாவதைப் பிடித்த வலைப்பூவை நம்பிச் சனிக்கிழமை இரவு உட்காரும் பங்குத்தந்தைக்கு முதல் வாசகமே கைகொடுக்காது. சிஎஸ்ஐயின் ஆல்மனாக்கோ (ஆண்டு வழிபாட்டு நாட்காட்டி) ஞாயிறுதோறும் தனித் தலைப்பும் அதற்கேற்ற வேதபாகங்களும் தருகிறது. ஐயர்மார் வெளி வலைப்பூக்களில் ஞாயிறின் பெயரைக் கொண்டு தேடுவது வீண்; அதிகார, வசன எண்ணைக் கொண்டு தேட வசதியுள்ள பக்கமே அவர்களுக்குப் பயன்படும்.

பழைய பதிவுகளைத் தேடுவோருக்கு ஒரு சிறு கணக்கு. கத்தோலிக்க ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சி. ஆண்டை மூன்றால் வகுங்கள்: மீதி 1 என்றால் முதலாம் ஆண்டு (மத்தேயு), 2 என்றால் இரண்டாம் ஆண்டு (மாற்கு), மீதி இல்லையென்றால் மூன்றாம் ஆண்டு (லூக்கா). 2026க்கு 2023, 2020ஆம் ஆண்டுப் பதிவுகள் பொருந்தும். திருவருகைக் காலம் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் கொண்ட காலம்) தொடங்கியதும் அடுத்த ஆண்டின் எண்ணைக் கொண்டு வகுக்க வேண்டும். டிசம்பரில் பலர் தவறுவது இங்கேதான்.

அடுத்தது நம்பகம். 2023 ஏப்ரலுக்குப் பின் எக்ஸ் தளத்தின் நீலக் குறி சந்தா கட்டினாலே கிடைக்கிறது; அதை வைத்து ஆளை நம்ப முடியாது. மறைமாவட்டத்தின் இணையதளத்துக்குப் போய், அங்கே தந்திருக்கும் இணைப்பு வழியாகக் கணக்குக்குள் நுழைவதே சரி. ஃபேஸ்புக் பக்கமானால் 'பேஜ் டிரான்ஸ்பரன்சி' பகுதியைத் திறந்தால் பக்கம் தொடங்கிய நாளும் முந்தைய பெயர்களும் தெரியும். நேற்றுவரை சமையல் குறிப்புப் பக்கமாக இருந்தது இன்று 'தினம் ஒரு வசனம்' ஆகியிருக்கலாம். திருத்தந்தையின் எக்ஸ் கணக்கு 2012 டிசம்பரில் தொடங்கிப் பிறகு ஒன்பது மொழிகளுக்கு விரிந்தது. தமிழ் அவற்றில் இல்லை. தமிழில் வேண்டுவோருக்கு வத்திக்கான் செய்திகளின் தமிழ்ப் பிரிவு இருக்கிறது. திருத்தந்தை சொன்னதாக வரும் மேற்கோள் வத்திக்கானின் இணையதளத்தில் கிடைக்கவில்லையென்றால் அதைப் பீடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. 2023 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ் வெள்ளைக் குளிரங்கி அணிந்ததாகப் பரவிய படம் செயற்கை நுண்ணறிவு வரைந்தது. இப்போது குரலையும் போலியாகச் செய்கிறார்கள்.

தமிழ்ப் பக்கங்களில் சொல்லே குழப்பும். கத்தோலிக்கர் 'ஆயர்' என்பது மறைமாவட்டத் தலைவரை. சிஎஸ்ஐயில் சபையின் குருவானவரே ஆயர், திருமண்டலத் தலைவர் பேராயர். கத்தோலிக்கரிடம் பேராயர் என்றால் உயர்மறைமாவட்டத் தலைவர். 'பேராயர் அறிவிப்பு' என்று எதையாவது பகிருமுன் எந்தத் திருச்சபை என்று பார்த்துக்கொள்வது நல்லது. 'திருப்பணியாளர்' வரவேண்டிய இடத்தில் 'அமைச்சர்' வந்தால் அது ஆங்கில 'மினிஸ்டர்' என்ற சொல்லின் இயந்திர மொழிபெயர்ப்பு. அந்தப் பக்கத்தை விட்டுவிடலாம்.

குரு யாரைப் பின்தொடர்கிறார் என்பதைச் சபையாரும் பார்ப்பார்கள், தேர்தல் நேரத்தில் இன்னும் உன்னிப்பாக. எக்ஸில் தனிப்பட்ட பட்டியல் ஒன்று உருவாக்கினால் கட்சிக் கணக்குகளைப் பின்தொடராமலேயே படிக்கலாம். யூடியூப் சந்தாக்களையும் பிறர் பார்க்காதபடி வைக்கலாம்.

கடைசியாக, கடலோரப் பங்குகள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்ட மீனவர் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். கரையோர ஊர்களில் ஆலய ஒலிபெருக்கிதான் இன்றும் ஊருக்குச் செய்தி சொல்கிறது. அங்கே பணிபுரியும் குரு, சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் கணக்கையும், கள்ளக்கடல் (முன்னறிகுறியின்றிக் கரையில் ஏறும் பேரலை) எச்சரிக்கை தரும் ஹைதராபாத் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை நிறுவனத்தின் கணக்கையும் பின்தொடர்ந்து, அறிவிப்பு ஒலியையும் அணைக்காமல் வைத்திருக்க வேண்டும். மறையுரைப் பக்கங்களின் ஒலியை அணைத்து வைத்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்