என்னமோ வந்துதுங்க, ஓகே கொடுத்துட்டேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இணைய மோசடி பற்றிய கட்டுரையைப் படித்தேன். அதில் விட்டுப்போன ஒரு சங்கதியை, அதாவது கம்ப்யூட்டர் காட்டும் பிழைச் செய்தியை யாரும் படிப்பதே இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் பதினேழு வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது, பிரிண்ட், ஜெராக்ஸ் எல்லாம் உண்டு. பழுது என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "ஸ்கிரீன்ல என்ன வந்தது?" பெரும்பாலும் கிடைக்கும் பதில்தான் மேலே தலைப்பில் இருப்பது. அந்த 'என்னமோ' என்னவென்று தெரிந்தால் என் வேலையில் பாதி முடிந்துவிடும்.

போன மாதம் மாட்டுத் தீவனக் கடைக்காரர் ஒருவர் சிபியூவைச் சாக்கில் சுற்றி மொபெட்டில் வைத்துக் கொண்டுவந்தார். பத்து நாளாக நெட் வரவில்லையாம். நெட் இணைப்பு கொடுத்தவரை இரண்டு தடவை வரவழைத்து, மோடத்தையும் மாற்றிவிட்டார். நான் போட்டுப் பார்த்தால், உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று குரோம் பிரவுசர் பக்கம் முழுக்க எழுதிக் காட்டுகிறது. கீழே மூலையில் தேதி 2015 ஜனவரி 1. மதர்போர்டில் சிஆர் 2032 என்று ஒரு பட்டன் பேட்டரி உண்டு. அது செத்துவிட்டால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர் பழைய தேதிக்குப் போய்விடும். பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் இருக்கிறது. அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று அதிலேயே இருக்கும். 2015-இல் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டருக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் உள்ளே விட மாட்டேன் என்கிறது. ஐம்பது ரூபாய் பேட்டரி. "பத்து நாளா இதையேதாங்க காட்டிட்டிருந்துது" என்று அவர் சிரித்தார். எனக்குக் கூலி கேட்கவே கூச்சமாக இருந்தது. (ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.)

படிக்கத் தெரியாததால் படிக்காமல் விடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். டிகிரி முடித்த பெண் ஒருத்தி, கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. இணையப் பக்கத்தில் போட்டோ ஏறவே மாட்டேன் என்கிறது என்று கண் கலங்கி நின்றாள். "அந்தச் செய்தியைக் கொஞ்சம் வாய்விட்டுப் படிம்மா" என்றேன். படத்தின் ஃபைல் அளவு 30 கேபிக்குள் இருக்க வேண்டும் என்கிற இடம் வந்ததும் நிறுத்தி, "அட, இவ்வளவுதானா" என்றாள். மூன்று நாளாக அந்த வரி அவள் கண்முன்னால்தான் இருந்திருக்கிறது. கண் நேராக ஓகே பட்டனுக்குத் தாவிவிடுகிறது. அதனால் யார் வந்தாலும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிவிடுகிறேன்.

ஆளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அப்டேட் வேண்டுமா, குக்கி வேண்டுமா, நோட்டிஃபிகேஷன் வேண்டுமா என்று நாள் முழுக்கப் பெட்டி பெட்டியாக வந்தால் யார்தான் படிப்பார்கள்? புலி வருது கதைதான். 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்று மொட்டையாக எழுதுகிறவரை ஒரு நாள் என் கடை ஸ்டூலில் உட்கார வைக்க ஆசை. அப்புறம் மொழி. 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி எங்களைப் போன்ற தமிழ்ச் சிறுபான்மையினர் கேரள அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். கம்ப்யூட்டர் 'முடியாது' என்று சொல்வது மட்டும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான்.

சரி, எழுத்து புரியாவிட்டாலும் எண்ணையாவது பார்க்கலாம். 404 என்றால் கேட்ட பக்கம் அங்கே இல்லை. முகவரியைச் சரிபார்க்க வேண்டும். 500, 502, 503 என்று 5-இல் தொடங்கினால் கோளாறு அந்த இணையதளத்தை நடத்துகிறவர்கள் பக்கம். மோடத்தை அணைத்து அணைத்துப் போடாமல் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். படிக்கவே பொறுமை இல்லையென்றால், பெட்டியை மூடும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். என்னைப் போன்றவர்களுக்கு அதுவே போதும்.

உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். நிஜச் செய்தியைத் திரும்பிப் பார்க்காதவர்கள்தான் பொய்ச் செய்தியை வரி விடாமல் படிக்கிறார்கள். திரை முழுக்கச் சிவப்பு, பீப் பீப் சத்தம், 'வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று. எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பயந்துபோய் அழைத்தேவிட்டார். அவர்கள் சொன்ன ஆப் பாதி இறங்கும்போது நல்லவேளையாகக் கரண்ட் போய்விட்டது. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்கவே இருக்காது என்று அந்த நிறுவனமே சொல்கிறது. பணம் போய்விட்டால் கூப்பிட வேண்டிய எண் 1930. அதையும் கட்டுரையில் போட்டிருக்கலாம்.

ஒரு வேண்டுகோள். புது போன் அறிமுகத்துக்கு ஒவ்வொரு இதழிலும் இடம் ஒதுக்குகிறீர்கள். அதில் கால் பக்கம் எடுத்து, இதழுக்கு ஒரு பிழைச் செய்தியை அப்படியே படமாகப் போட்டு, பக்கத்தில் தமிழில் அர்த்தம் சொல்லுங்களேன். தீவனக் கடைக்காரரின் 2015 ஜனவரி 1 என் போனில் இருக்கிறது. வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன், அவரிடம் கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் கடைக்கார வாசகர்,
கொழிஞ்சாம்பாறை