செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

காலண்டரும் லேபிளும் அட்டைப்பெட்டியும் வடிவமைத்துத் தொழில் பழகிய சிவகாசி டிசைனர்களான நம்மில் பலர், இப்போது செயலித் திரைகளையும் இணையதளங்களையும் சேர்த்தே செய்து வருகிறோம். இவ்வாண்டு மாதக் கூட்டங்களில் எடுத்த பொருள்கள் பலவாயினும், தமிழ் எழுத்தை வேலையின் முடிவில் ஒட்டாமல் முதல் நாளிலேயே முன்வைப்பது எப்படி என்ற கேள்வியில்தான் எல்லாம் வந்து நின்றன.

முதலில் பழைய கோப்புகள். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீடான ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழ் 1991-லேயே இடம்பெற்றது. தமிழ்நாடு அரசும் 2010-ல் அதை ஏற்று ஆணை பிறப்பித்தது. ஆயினும் நம் கணினிகளில் சேர்ந்து கிடக்கும் காலண்டர் கோப்புகள் பலவும் இன்னும், ஆங்கிலக் குறிகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலேயே உள்ளன. அவற்றில் ‘தமிழ்’ என்று நாம் காண்பது, கணினிக்கு ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி ஆகிய ஐந்து குறிகள் மட்டுமே. ஆகவே அதைத் தமிழாகத் தேடவும் இயலாது, பார்வையற்றோருக்குத் திரைபடிப்பான் வாசித்துக் காட்டவும் இயலாது. இவற்றை ஒருங்குறிக்கு மாற்ற நடத்திய பயிற்சியில், மாற்றிய உரையை இன்டிசைன் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டியதும் ‘கொடி’ என்ற சொல்லின் கொம்பு இடம் மாறி நின்றது. எழுத்தை மாற்றித் தந்த கருவியில்தான் கோளாறு என்று பலரும் எண்ணினோம்; அது அப்படியல்ல. ஒருங்குறியில் மெய்யை அடுத்தே உயிர்க்குறி பதிவாவதால், கொம்பை எழுத்துக்கு முன்னே கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. பத்தி அமைப்பில், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோத்துத் தரும் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தவுடன் கொடி நேரானது. கூடத்தில் எழுந்த நிம்மதிப் பெருமூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

உறுப்பினர் ஒருவர் செய்த செயலித் திரையை எல்லோரும் சேர்ந்து ஆராய்ந்தது இவ்வாண்டின் மிகப் பயனுள்ள கூட்டம் என்பேன். ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து வைத்த பொத்தானில் ‘அனுப்பு’ என்று இட்டபோது, னுவின் சுழியும் புவின் காலும் கீழே வெட்டுப்பட்டுப் போயின. மேலே இகரக் குறியும் புள்ளியும், கீழே உகரக் குறியும் கொண்ட நம் எழுத்துக்கு வரி உயரம் கூடுதலாகவே வேண்டும். அதைத் தன் திரையில் திருத்திக் காட்டிய அவ்வுறுப்பினர், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு வேறுபாடு இருக்கவேண்டும் என்ற இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதலையும் விளக்கினார். வெயிலில் நின்று கைபேசி பார்ப்பவருக்கும் அது உதவும்.

செயற்கை நுண்ணறிவு பற்றி இரு கூட்டங்களில் நீண்ட வாதம் நடந்தது. பட உருவாக்கக் கருவியிடம் பொங்கல் வாழ்த்து அட்டை கேட்டுப் பார்த்தோம். பானையும் கரும்பும் குறையின்றி வந்தன, ‘வாழ்த்து’ என்ற சொல்லில் ழகரமோ எந்த மொழியிலும் இல்லாத வடிவமாய் வந்தது. இக்கருவிகள் நாளுக்கு நாள் தேறி வருகின்றன என்பதையும் மறுப்பதற்கில்லை. பின்னணிக் காட்சிக்கு இக்கருவிகளைப் பயன்படுத்தலாம், எழுத்தை மட்டும் நாமே எழுத்துருவில் அமைத்து மெய்ப்பு பார்க்கவேண்டும் என்று முடிவானது. கட்டணமின்றிக் கிடைக்கும் கேட்டமரான், முக்தா மலர் போன்ற நல்ல தமிழ் எழுத்துருக்கள் இருக்கையில், எழுத்தைக் கருவியின் கையில் விட்டுவிடுவது நம் தொழிலுக்கு அழகல்ல என்பது என் உறுதியான கருத்து.

கொட்டேஷன் கொடுப்பதற்கு முன்பே இறுதித் தமிழ் உரையைக் கேட்டுப் பெறுவது என்றும், உரை திருத்தத்திற்குத் தனிக் கட்டணம் குறிப்பது என்றும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இளம் உறுப்பினர்கள் இதில் தயங்குவதை அறிவேன். மூத்தவர்கள் முதலில் நடைமுறைப்படுத்தினால் அவர்களுக்கும் துணிவு வரும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பாமினிக் கோப்புகளை மாற்றும் பயிற்சியை வரும் ஆண்டிலும் தொடர அனுமதி கோரி, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்