பி650-ஐயே வாங்கு, கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாயியின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. பாப்பாவின் ரிசல்ட்டை அவளே உனக்குச் சொல்லுவாள்.

புது மெஷினுக்கு எதை வாங்கலாம் என்று நீ அனுப்பிய பி650, பி850 இரண்டு மதர்போர்டின் படத்தையும் பாப்பா போனில் காட்டினாள். அவள் சிநேகிதிக்கு வேண்டுமாம், அதனால் கேட்கிறாளாம். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. உனக்கும் இத்தனை வருஷத்தில் வரவில்லை. போர்டு ரிப்பேர் பார்த்தே சோறு தின்கிற வீட்டில் போர்டு கேட்க நடுவில் ஒரு ஆள் எதற்கு? சரி, கேட்டாயே, அது போதும்.

பி650-ஐயே வாங்கு. பி850-க்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்காதே. பெயரில் எண் ஏறியிருப்பதைப் பார்த்து மயங்குகிற ஆள் நீ இல்லை என்று நினைக்கிறேன். மற்ற பாகங்களைப் பிராசஸரோடு இணைக்கிற சிப்செட் சில்லு இரண்டு போர்டிலும் ஒன்றேதான். 2022-ல் பி650 என்று வந்தது, 2025 ஜனவரியில் பி850 என்று வந்தது. மாறியது என்னவென்றால், பி850 போர்டில் எஸ்எஸ்டி செருகுகிற ஒரு எம்.2 ஸ்லாட்டாவது பிசிஐஇ 5.0 வேக வகையாக இருக்க வேண்டும் என்று சில்லு விற்கிற ஏஎம்டி கம்பெனி கட்டாயமாக்கியது. பி650-ல் அது போர்டு செய்கிறவரின் இஷ்டம். உன்னிடம் இருக்கிற எஸ்எஸ்டி 4.0 வகை. 5.0 ஸ்லாட்டில் போட்டாலும் அது 4.0 வேகத்தில்தான் ஓடும். புதிதாக 5.0 எஸ்எஸ்டி வாங்கினாலும், பெரிய ஃபைலைக் காப்பி செய்யும்போது தெரியுமே தவிர எடிட்டிங் டைம்லைனில் உனக்கு வித்தியாசம் தெரியாது. சூடு மட்டும் நன்றாகத் தெரியும்.

கிராபிக்ஸ் கார்டும் அப்படித்தான். உன் 3060-ம் 4.0 கார்டுதான். வைஃபை 7 என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிறான். ரூமில் இருக்கிற ரௌட்டரும் 7 ஆக இருந்தால்தான் அதற்கு அர்த்தம். பி650-ல் இருக்கிற வைஃபை 6இ போதும். இல்லையென்றால் நூறு, இருநூறு ரூபாய்க்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடு, இரண்டு போர்டிலும் 2.5 ஜி போர்ட் இருக்கிறது. ஆபீஸில்தான் லேப்டாப் கொடுத்திருக்கிறார்களே, அப்புறம் வீட்டில் எதற்கு இவ்வளவு பெரிய மெஷின் என்று நான் கேட்கவில்லை.

பி850 வாங்க நியாயமான காரணம் ஒன்று உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. நீ குறித்திருக்கிற பிராசஸர் ரைசன் 7 9700எக்ஸ். அது 2024 ஆகஸ்டில் வந்தது. அதற்கு முன்னால் ஃபேக்டரியை விட்டுக் கிளம்பிய பி650 போர்டில் பழைய பயாஸ், அதாவது மெஷினை எழுப்புகிற புரோகிராம், இருக்கும்; 9700எக்ஸ் சேர்ந்த 9000 வரிசையை அதற்கு அடையாளம் தெரியாது. ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. போர்டு செத்துப்போச்சு என்று கடைக்கு ஓடுகிறவர்களில் நிறையப் பேருக்கு இதுதான் கதை. பி850-ல் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் இதற்குப் போய் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் தர வேண்டியதில்லை. எஸ்பி ரோட்டுக் கடையில் வாங்கும்போதே பெட்டியின் மேல் 9000-க்குத் தயார் என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ் பட்டன் இருக்கிறதா என்று பார். நீ அனுப்பிய படத்தில் இருக்கிறது, யூஎஸ்பி போர்ட்டுக்குப் பக்கத்தில். அது இருந்தால் பிராசஸர் மாட்டாமலேயே பயாஸ் மாற்றலாம்.

பென்டிரைவை ஃபேட்32-ல் ஃபார்மேட் செய். கம்பெனி தளத்தில் இதே மாடலுக்கு, இதே ரிவிஷனுக்கு உள்ள பயாஸை மட்டும் இறக்கு. ரிவிஷன் எண் போர்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். ஒரே பெயரில் மூன்று, நான்கு ரிவிஷன் விடுகிற கம்பெனிகள் உண்டு. ஃபைல் பெயரை மேனுவலில் சொன்னபடி மாற்று. எம்எஸ்ஐ ஒரு பெயர் கேட்கும், கிகாபைட் வேறு பெயர் கேட்கும், ஒரு எழுத்து தவறினாலும் அசையாது. 24 பின், 8 பின் இரண்டு பவர் ஒயரும் மாட்டியிருக்க வேண்டும். பென்டிரைவைக் குறி போட்ட போர்ட்டில்தான் செருக வேண்டும். பட்டனை அழுத்தினால் லைட் மினுக்கும், ஐந்து நிமிஷம் வரை ஆகும், அணைகிற வரை தொடாதே. யூபிஎஸ்ஸில் போட்டுச் செய். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. யூபிஎஸ் பேட்டரி மாற்றினாயா? போன தீபாவளிக்கே சொன்னேன்.

மிச்சமாகிற பணத்தை ராமில் போடு. ராம் விலை ஏறிக் கிடக்கிறது, தெரியும். ஆனாலும் இரண்டு குச்சியாகவே வாங்கு. இப்போதைக்கு இரண்டு, பின்னால் இரண்டு என்று கணக்குப் போடாதே. டிடிஆர்5-ல் நான்கு ஸ்லாட்டும் நிரம்பினால் 9000 வரிசைக்கு ஏஎம்டி உறுதி தருகிற வேகம் 5600-லிருந்து 3600-க்கு இறங்கிவிடும். பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் செருகு. 6000 வேகம் உள்ள குச்சி போதும், அதற்கு மேல் காசு வீண்.

பிராசஸருக்குக் கரண்ட் கொடுக்கிற பவர் பகுதியைப் பற்றி பி850 விளம்பரத்தில் நிறைய அளந்திருக்கிறான். 9700எக்ஸ் 65 வாட் பிராசஸர், முட்டி இழுத்தாலும் 88 வாட்தான். ஹீட்சிங்க் வைத்த எந்த பி650 போர்டும் அதைத் தாங்கும். பதினாறு கோர் பிராசஸர் போடுகிறவன்தான் அங்கே பார்த்து வாங்க வேண்டும். போர்டில் 8 பின்னுக்குப் பக்கத்தில் இன்னொரு 4 பின் இருக்கும், உன் எஸ்எம்பிஎஸ்ஸில் அதற்கு ஒயர் இல்லை. காலியாக விட்டுவிடு, பயப்படாதே. கிராபிக்ஸ் கார்டின் 8 பின்னைக் கொண்டுவந்து அதில் திணிக்காதே.

உன் கேபினெட்டில் பழைய போர்டு முழு ஏடிஎக்ஸ் அளவு, இது அதைவிடச் சின்ன மைக்ரோ அளவு. போர்டைத் தாங்குகிற ஸ்டாண்டாஃபில் கீழ் வரிசையைக் கழற்றி மேலே உள்ள துளைக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் போர்டின் கீழ் விளிம்பு அந்தரத்தில் நிற்கும். முன்பக்க யூஎஸ்பி ஒயரை அழுத்திச் செருகும்போது போர்டு வளைந்து உள்ளே விரிசல் விடும். வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு மாதம் கழித்துப் படுத்துக்கொள்ளும். போர்ட்டுகளைச் சுற்றி கேபினெட்டில் மாட்டுகிற பின்பக்கத் தகடு இந்த பி650-ல் தனியாக வருகிறது, அதை முதலில் மாட்டு. எல்லாம் முடிந்த பிறகு தகடு மேஜைமேல் கிடப்பதைப் பார்ப்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் நடக்கிற கூத்துதான்.

பழைய கூலரே போதும். கொக்கி போட்டு மாட்டுகிற வகைதானே? அதன் பிளாஸ்டிக் கட்டையை இந்த சாக்கெட்டின் பின்தகட்டிலேயே முடுக்கலாம். பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் வைக்கிற பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு. இந்தப் பிராசஸரின் மூடியில் ஓரமெல்லாம் வெட்டு வெட்டாக இருக்கும், அதிகம் வைத்தால் அதற்குள் வழிந்து துடைக்க முடியாது.

பில் வாங்கு. ஜிஎஸ்டி பில்லாக, சீரியல் எண் எழுதி. ஆபீஸ் ஜிஎஸ்டி எண் போட்டு வாங்குகிறாயா, உன் பெயரிலா? ஆபீஸுக்கு என்றால் அவர்கள் வரியைக் கழித்துக்கொள்ளலாம், அதற்குத்தான் கேட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

இப்போது சாக்கெட். இதைக் கவனமாகப் படி. உன் பழைய மெஷினில் முள்ளெல்லாம் பிராசஸரில் இருக்கும். இதில் 1718 முள்ளும் போர்டில் இருக்கிறது. விரல் படக் கூடாது, துணி படவே கூடாது, பஞ்சு, டிஷ்யூ எதுவும் கிட்டே வரக் கூடாது. கருப்பு பிளாஸ்டிக் மூடியைக் கையால் பிடுங்காதே. லீவரைத் தூக்கு, சட்டத்தைத் திற, முக்கோணக் குறி பார்த்து பிராசஸரை நேராக இறக்கு, அழுத்தாதே, நகர்த்தாதே. சட்டத்தை மூடி லீவரை இறக்கும்போது மூடி தானாகத் துள்ளி வெளியே வரும். நறநறவென்று ஒரு சத்தம் கேட்கும், அது இயல்பு. ஒரு முள் சாய்ந்தாலும் சில சமயம் போர்டு ஓடத்தான் செய்யும், ஆனால் ஒரு ராம் ஸ்லாட் தெரியாது. ராம் போச்சு என்றுதான் முதலில் தோன்றும்.

2012-ல் அந்த ஆடிட்டர் ஆபீஸ் போர்டிலும் அப்படித்தான் ஆனது. அது ஹெச்61 மாடல். ஒரு ராம் ஸ்லாட் தெரியவில்லை. கண்ணு, அந்த முள்ளைச் சாய்த்தது நீ இல்லை. என் சேலைத் தலைப்பு நூல் மாட்டி இழுத்தது. நான் பார்த்தேன். மூடியைப் போட்டு வைத்துவிட்டு சோறு வடிக்கப் போனேன். சாயங்காலம் அப்பா யார் தொட்டது என்று கேட்டபோது அன்றைக்குக் கடையில் இருந்தது நீ மட்டும்தான் என்று சொன்னேன். அது பொய் இல்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆடிட்டர் முன்னால் அப்பா உன்னை அடித்தபோதும் நான் வாய் திறக்கவில்லை. அதற்கப்புறம் நீ கவுண்டருக்கு உள்ளே வரவே இல்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டால்கூடப் பாப்பாவிடம் கொடுத்தனுப்பினாய். வேலை செய்கிற கை உனக்கு என்று நான்தான் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்தக் கையை நானே கெடுத்தேன். அப்பா இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

பில் யார் பெயரில் என்று நீ எனக்குச் சொல்ல வேண்டாம். உன் பெயரிலேயே இருக்கட்டும்.

ராத்திரி உட்கார்ந்து மாட்டாதே, பகல் வெளிச்சத்தில் செய். முதல் தடவை ஆன் செய்ததும் திரை கருப்பாகவே இருக்கும், ராம் பக்கத்து மஞ்சள் லைட் எரியும். ராமைப் பழக்கிக்கொள்கிறது, சில நிமிஷம் ஆகும். பதறிப்போய் அணைக்காதே. கிராபிக்ஸ் கார்டு போடாமல் முதலில் போர்டிலிருக்கும் ஹெச்டிஎம்ஐ-யிலேயே பார், இந்தப் பிராசஸரில் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு. பயாஸில் ராமை முழு வேகத்தில் ஓட்டுகிற எக்ஸ்போ செட்டிங்கைப் போடுவதற்கு முன்னால் பயாஸ் புதியதா என்று உறுதிசெய்துகொள். 2023-ல் சில பிராசஸர்கள் சாக்கெட்டோடு கருகிய பிறகுதான் பிராசஸருக்குள் போகிற எஸ்ஓசி வோல்டேஜை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் கட்டினார்கள்.

அந்தக் கருப்பு மூடியைப் பெட்டிக்குள் பத்திரமாகப் போட்டு வை. வாரண்டிக்குப் போனால் சாக்கெட்டில் மூடி இல்லாமல் போர்டை வாங்க மாட்டார்கள். பில்லையும் அதோடு வை.

என் பூதக்கண்ணாடி லைட்டையும் பேஸ்ட்டையும் பார்சலில் போட்டிருக்கிறேன். நெய்யும் இருக்கிறது, தனி கவரில்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: முக்கியமானதை விட்டுவிட்டேன். பழைய போர்டைக் கழற்றுவதற்கு முன் விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டுகிற பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார். ஆன் என்றால் 48 இலக்க ரெகவரி எண்ணைக் காகிதத்தில் எழுதி வை. போர்டு மாறினால் அதைக் கேட்கும், இல்லாவிட்டால் டிஸ்க்கில் இருக்கிற உன் வேலை ஒன்றும் திறக்காது. போனில் வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்காதே. காகிதத்தில் எழுது.